களிமண் வளவில் செயற்கைப் புல் விளையாட்டுத் தரை: அடியிலிருந்து தொடங்குவோம்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் தரை. மழை விழுந்த கையோடு தண்ணீர் இறங்கிவிடும். தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வயலை ஒட்டிய வளவுகள் அப்படியில்லை. அரை அடி தோண்டினாலே களிமண்தான்.

தம்பலகாமத்தில் அக்கா வீட்டுப் பின்வளவில், மருமக்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாட என்று மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தரை போட்டோம். ஆறு அங்குலம் தோண்டி, சல்லி கொட்டி, மேலே புல்லை விரித்தோம். கார்த்திகை மழை வரும்வரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கால் வைத்த இடமெல்லாம் புல்லின் ஓட்டைகளால் சேற்றுத் தண்ணீர் பீறியது. தை மாதம் சுருட்டிப் பார்த்தால், கச்சான் அல்வாவில் கச்சான் மாதிரி கல்லெல்லாம் களிக்குள் புதைந்து கிடந்தது.

காரணம் எளிது. களிமண்ணில் தோண்டிய குழி ஒரு தொட்டி. மேலே இருந்து வரும் தண்ணீர் கல்லைத் தாண்டி அங்கே வந்து நின்றுவிடும். ஊறிய களி வீங்கும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். எனவே தண்ணீர் போக வழி செய்வதுதான் முதல் வேலை. புல் கடைசி வேலை.

மண்ணைப் பாருங்கள்

ஈரமண்ணைப் பென்சில் தடிப்பில் உருட்டி வளையமாக வளையுங்கள். உடையாமல் வளைந்தால் நல்ல களி. பிறகு ஓரடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வற்றவிட்டு, மறுபடி நிரப்புங்கள். விடிந்தும் தண்ணீர் நின்றால், மண் குடிக்கும் என்று நம்பி எதையும் செய்யாதீர்கள்.

வேலைக்கு ஆடி, ஆவணிதான் தோதான காலம். ஆனால் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றில் வெடித்துக் கிடக்கும் மண்ணை அப்படியே இறுக்க முடியாது. முதல்நாள் மாலை தண்ணீர் தெளித்து வையுங்கள். மண்ணைக் கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக்கூடாது.

சரிவும் குழாயும்

30 அடி நீளம், 20 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். இடம் பார்க்கும்போது மலகூடக் குழி மூடியையும் பெரிய வேம்பின் வேர்களையும் விட்டுத் தள்ளிப் போடுங்கள். புல்லும் வேரும் போக மேல்மண்ணை வழித்தெடுங்கள். வளவு சற்று மேடாக இருந்தால் ஐந்து அங்குலம் தோண்டலாம். வயல் மட்டத்திலேயே இருந்தால் தோண்டவே வேண்டாம், சுற்றிக் கட்டுக் கட்டி உயர்த்துங்கள்.

இனி நூல் கட்டி, தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயால் மட்டம் பாருங்கள். நூறு அடிக்கு ஓரடி சரிவு போதும். 20 அடி அகலத்துக்கு இரண்டரை அங்குலம் வரும். இந்தச் சரிவு களிமண்ணிலேயே இருக்க வேண்டும். அடி மண் மட்டமாக இருக்க, மேலே கல்லால் சரிவு காட்டுவதில் பயனில்லை. நாங்கள் முதலில் செய்த பிழை அதுதான்.

தாழ்ந்த பக்கம் நெடுக ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் கான் வெட்டுங்கள். அதில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, இரண்டு அங்குலம் கல் போட்டு, நாலு அங்குல ஓட்டைக் குழாயை ஓட்டை கீழே பார்க்க வையுங்கள். கல்லால் மூடித் துணியை மடித்துவிடுங்கள். குழாயின் வாய் வடிகானிலோ தாழ்ந்த நிலத்திலோ திறக்கட்டும். கிணற்றடிப் பக்கமோ அடுத்த வீட்டு வளவுக்கோ ஒருபோதும் விட வேண்டாம்.

கல்

அடிமண்ணை இறுக்கியதும் அதன்மேல் முழுவதும் அதே துணி. இணையும் இடத்தில் ஓரடி மேற்படிய விரியுங்கள். கல்லும் களியும் கலக்காமல் காப்பது இதுதான். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சுற்றிலும் சீமெந்துக் கல்லால் கட்டு வைத்த பிறகு, முக்கால் அங்குலச் சல்லி நாலு அங்குலம், அதன்மேல் பொடிச் சல்லி ஓரங்குலம். நாலு அங்குலத்துக்கு 200 கன அடி, அதாவது இரண்டு கியூப். இறுகும்போது குறையும் என்பதால் இரண்டரை சொல்லுங்கள். பொடிச் சல்லி முக்கால் கியூப் போதும். ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு இரண்டு அங்குலமாகப் போட்டு, வாடகைக்கு எடுத்த கொம்பெக்டரால் இறுக்குங்கள்.

நேரான பத்தடிச் சட்டத்தை மேலே வைத்தால் அடியில் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. அப்புறம் மேட்டுப் பக்கம் அரைமணி நேரம் ஹோஸால் தண்ணீர் விட்டு, குழாய் வாயில் போய் நில்லுங்கள். எங்களுக்கு முதலில் கலங்கலாய் ஒரு கசிவு வந்தது, பிறகு விரல் தடிப்பில் தெளிந்து ஓடியது. அது வராமல் புல்லுக்குப் பணம் கட்டாதீர்கள்.

புல்

பலவித விளையாட்டுக்கு 15 முதல் 20 மில்லிமீற்றர் உயரம் சரி. சுருளை விரித்து இரண்டு மணி நேரம் வெயிலில் கிடக்கவிடுங்கள், மடிப்பு போகும். எல்லாத் துண்டிலும் புல் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பின்பக்கமாக வெட்டி, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, இணைப்பு டேப்பில் பசையால் ஒட்டுங்கள். வெளி ஓரத்தைக் கட்டோடு ஒட்டுங்கள். காய்ந்த சிலிக்கா மணலைத் தூவி, தும்புத்தடியால் புல்லுக்கு எதிர்ப்பக்கம் பெருக்கினால் மணல் உள்ளே இறங்கும். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பும் சிப்பியும் இருக்கும்.

திருகோணமலை நண்பகல் வெயிலில் இந்தப் புல் வெறுங்காலைச் சுட்டுவிடும். சின்னப் பிள்ளைகளை நாலு மணிக்குப் பிறகு, தண்ணீர் தெளித்துவிட்டு இறக்குங்கள்.

இரண்டாம் முறை போட்ட தரை இரண்டு மாரியைக் கண்டுவிட்டது. ஐப்பசி பிறந்ததும் அக்கா குழாய் வாயில் கட்டிய வலையைக் கழற்றி, வேப்பஞ்சருகை அள்ளிவிட்டுத் திரும்பக் கட்டுவார். பராமரிப்பு என்று வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.