பள்ளிக் கணினி அறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பள்ளிக்குக் கணினி அறை அமைக்கப் பணம் கிடைத்தால் முதல் வேலையாகக் கணினிகளை வாங்கிவிடுகிறார்கள். திறப்பு விழாவும் நடக்கிறது. மின்சாரம் நின்றால் என்ன செய்வது, இணையம் போனால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள் என்ற கேள்விகள் அப்புறம்தான் வருகின்றன. அவற்றுக்குப் பதில் கண்டபிறகு வாங்கினால் பாதித் தொல்லை இருக்காது.

பெரிய தவறு, எல்லாப் பாடத்தையும் வெளி இணையத்தை நம்பி வைப்பது. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்கு அப்பால் கடலடிக் கேபிள்கள் பழுதானபோது தென்னாப்பிரிக்கா வரை இணையம் திணறியது. அவ்வளவு பெரிதாக எதுவும் நடக்கவேண்டாம். தெருவில் யாராவது செம்புக் கம்பியைத் திருடினாலே வகுப்பு நின்றுவிடும். பள்ளிக்குள்ளேயே ஒரு சர்வர் (பாடங்களைச் சேமித்து மற்ற கணினிகளுக்குத் தரும் கணினி) வையுங்கள். கொலிப்ரி, கிவிக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் பாடங்களையும் விக்கிப்பீடியாவையும் வெளி இணைப்பே இல்லாமல் தரும். சர்வரைத் தரையில் மட்டும் வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது.

அடுத்தது லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது. 2023-இல் அது உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரமோ நாலு மணி நேரமோ மின்சாரம் போனது. எல்லாக் கணினிகளையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். சர்வர், சுவிட்ச் (கணினிகளைக் கேபிளால் ஒன்றாக இணைக்கும் பெட்டி), ரவுட்டர் மூன்றுக்கு மட்டும் கொடுங்கள். பிள்ளைகள் கையில் மடிக்கணினி இருந்தால் அதன் பேட்டரியே போதும். யூபிஎஸ்ஸில் போடும் ஈய-அமில பேட்டரி அடிக்கடி அடிவரை வடிந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் விலை அதிகம்தான், ஆனால் தாங்கும். மின்வெட்டு குறைந்துவிட்டதே என்று இதைத் தள்ளிப்போடுவது சரியில்லை.

மின்னலைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் கோடை இடிமழையில், இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே செம்பு கேபிள் இழுத்திருந்தால் அருகில் விழும் ஒரு மின்னலே இருபுறத்து சுவிட்ச்சையும் கருக்கிவிடும். அங்கே மின்சாரம் கடத்தாத ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் போடுங்கள். செம்பு கேபிள் எப்படியும் 100 மீட்டருக்கு மேல் ஒத்துவராது.

வைஃபை விஷயத்தில், வீட்டு ரவுட்டர் ஒன்றை நம்பி ஒரு வகுப்பையே உட்காரவைக்கிறார்கள். வேகம் குறைந்தால் இன்னும் இரண்டு ரவுட்டர்களை மாட்டுகிறார்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். கூடக்கூட நெரிசலே மிஞ்சும். இடம் மாறாத கணினிகளுக்குக் கேபிள், மற்றவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்று பிரித்துவிடுங்கள்.

அலுவலகக் கணினிகளும் மாணவர் கணினிகளும் ஒரே வலையில், எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டில் இருப்பது ஆபத்து. பிள்ளைகளின் தகவலுக்கு தென்னாப்பிரிக்காவின் போபியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. அது 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் வார இறுதித் தமிழ் வகுப்பும் இதே அறையில் நடக்கலாம். ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் பழைய நிலைக்குத் திரும்பும்படி கணினிகளைப் பூட்டிவைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பூட்டுவதற்கு முன் தமிழ் விசைப்பலகையையும் யூனிகோட் எழுத்துருவையும் போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் ஆசிரியை வாராவாரம் முதலிலிருந்து போடவேண்டியிருக்கும். பிள்ளைகளின் கோப்புகள் சர்வரில் சேமிக்கப்பட வேண்டும். கணினியிலேயே வைத்தால், சனிக்கிழமை எழுதிய கட்டுரை திங்கட்கிழமை இருக்காது.