திருவிழா போஸ்டரில் தேதி எங்கே?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மளிகைக்கடைச் சுவர்களில் ஏதாவது ஒரு தோட்டத்துக் கோவிலின் திருவிழா போஸ்டர் ஒட்டியிருக்கும். நடுவில் அம்மன், ஒரு பக்கம் ஒய்.பி. எனப்படும் மக்கள் பிரதிநிதி, மறுபக்கம் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர், கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரிசையாகப் பாஸ்போர்ட் படங்கள். தீமிதி என்றைக்கு என்று பார்க்க மோட்டாரை நிறுத்தி இறங்கித்தான் ஆக வேண்டும்.

பெரிய தவறு இதுதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கு என்ன, என்றைக்கு, எங்கே என்ற மூன்றும் ஓட்டத்திலேயே கண்ணில் பட வேண்டும். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது விளம்பரப் பலகைக்காரர்களின் கணக்கு. அப்படியானால் 30 அடி தள்ளிப் போகிறவருக்கு 3 அங்குலம். ஏ3 தாளின் உயரமே 16.5 அங்குலம்தான், இதில் எத்தனை முகத்துக்கு இடமிருக்கும்? படத்தை எடுத்தால் கமிட்டியில் சண்டை வரும், தெரியும். அழைப்பிதழுக்கு மாற்றிவிடுங்கள், அங்கே எல்லாரும் நிதானமாகப் பார்ப்பார்கள்.

அப்புறம் எழுத்து. பிரிண்டிங் கடையில் டிசைன் செய்பவருக்குப் பல நேரம் தமிழ் படிக்கத் தெரியாது. 'கோவில்' என்பதில் கொம்பும் காலும் ஆளுக்கொரு திசையில் நின்றாலும் அவருக்கு உறுத்தாது. மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் இப்படித்தான் வரும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினாலோ ஆங்கில எழுத்துகள்தான் கொட்டும். யூனிகோடிலேயே அடித்து, எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பி.டி.எஃப்.பாகக் கொடுங்கள். மாதிரித் தாளைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் அச்சுக்குச் சரி சொல்லாதீர்கள். தலைப்பு எடுப்பாக இருக்கட்டும் என்று தடிமனான வெள்ளைக்கரை போடுவதும் வேண்டாம். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப் போகும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'பூ' வால், கீழ்வரியின் 'தீ' சுழியில் போய் முட்டும்.

மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து எந்த வெளிச்சத்திலும் எடுபடாது. வெயில் படும் சுவரென்றால் தேதியைச் சிவப்பில் போடாமல் கறுப்பில் போடுங்கள். அச்சில் சிவப்பு என்பது மஞ்சளும் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு மையும் சேர்ந்தது; சாதாரண மையில் இந்த இரண்டும்தான் முதலில் வெளுக்கும். பழைய போஸ்டர்கள் நீலம் பாரித்து நிற்பது அதனால்தான்.

போன வருடக் கோப்பைத் திறந்து வருடத்தை மட்டும் மாற்றுகிறவர்கள் கிழமையையும் பாருங்கள். அதே தேதி மறு வருடம் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் தள்ளி விழும். கடைக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாகுமெண்டாக அனுப்புங்கள்.