கோல்ஃப் மட்டையோடு விமானம் ஏறுகிறீர்களா?

கோவை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்குக் காரில் போய்வருகிற வரைக்கும் எந்தப் பையும் போதுங்க, பீளமேட்டில் விமானம் ஏறும்போதுதான் கதை மாறும். மட்டையைக் கேபினுக்குள் விடமாட்டார்கள், லக்கேஜோடுதான் போகும். போன வருடம் என் டிரைவர் (மட்டைகளிலேயே நீளமானது) அதன் தலைக்குக் கீழே, சரியாகக் கழுத்திலேயே, முறிந்து வந்தது. மெல்லிய துணிப்பையில் அப்படியே சொருகி அனுப்பியது என் தப்புதான்.

கெட்டிப் பெட்டி பாதுகாப்பு, ஆனால் காலியாகவே கனக்கும், டாக்சி டிக்கியிலும் அடங்காது. உள்நாட்டில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம் என்பதால், மேல்பக்கம் தடிமனாகப் பஞ்சு வைத்த, சக்கரமுள்ள பையே என் தேர்வு. அப்புறம், டிரைவரைவிட இரண்டு அங்குலம் நீளமான ஒரு கம்பை (பழைய மாப் குச்சி போதும்) மட்டைகளுக்கு நடுவே நிறுத்துங்கள், பை தலைகீழாக விழுந்தாலும் அடியை அது வாங்கிக்கொள்ளும். தலைகளுக்கு இடையில் நான்கைந்து ஈரோட்டுத் துண்டுகளைத் திணித்து, கழுத்துப் பக்கம் இன்னொரு துண்டைச் சுற்றி ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். கழற்றுகிற மாதிரி டிரைவர் என்றால் தலையைக் கழற்றிப் பழைய சாக்ஸில் போட்டுவிடலாம், அதற்கான திருகுசாவியும் கைப்பையில் வேண்டாம், இதே பைக்குள்ளேயே இருக்கட்டும்.