க்ரீம் இல்லாத ஆல்ஃப்ரெடோ பாஸ்தா

ஆல்ஃப்ரெடோ பாஸ்தாவை க்ரீமுக்குப் பதிலாகப் பாலில் செய்து சாஸ் திரிந்து போயிருந்தால், பெரும்பாலும் கொதிக்கும் பாலில் சீஸைக் கொட்டியதே காரணம். மறுமுறை, இருவருக்கு 200 கிராம் ஃபெட்டுச்சினியை (பட்டையான நாடா வடிவ பாஸ்தா) உப்பு நீரில் சற்று விறைப்பாக வேகவைத்து, வடிநீரில் ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் நசுக்கிய பூண்டையும் ஒரு மேசைக்கரண்டி மைதாவையும் நிறம் மாறாமல் வறுத்து, 350 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் கட்டி தட்டாது. கரண்டியின் பின்புறம் படிந்த சாஸில் விரலால் இழுத்த கோடு அப்படியே நிற்கும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகே 40 கிராம் பார்மேசான் சீஸைத் துருவித் தூவுங்கள். பாஸ்தாவைச் சாஸில் போட்டுப் புரட்டும்போது இறுகினால் வடிநீரைத் தெளிக்கலாம். ரோம் நகரத்து மூல வடிவத்திலும் க்ரீம் கிடையாது என்பதால், இதைப் பத்தியச் சமையல் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சீஸிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகு மட்டும் உப்புச் சேருங்கள்.