பேய் குடியிருக்கும் பழங்கோயிலைக் கட்டுவது எப்படி: கற்பனை உலக ஆட்டம் நடத்துவோருக்கு

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் பாத்திரமாகி ஆடும் ரோல் பிளேயிங் ஆட்டங்களில் மறைந்துபோன மக்களின் பாழ்கோயில் வராமல் இருப்பது அரிது. வேறெந்த இடத்தையும்விட அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். இருட்டு, வௌவால், எலும்புக்கூடு, நடுவில் ஒரு பெட்டகம் என்று அடுக்கிவிட்டால் ஆட்டக்காரர்கள் வாளை உருவிக்கொண்டு உள்ளே போவார்கள், பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். பயம் எங்கேயும் வராது. அந்தக் கல்லில் ஒருகாலத்தில் ஆட்கள் விழுந்து கும்பிட்டார்கள் என்பதை அவர்கள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பேயிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் தண்ணீர், அடுத்துக் கல், அடுத்து வழிபாடு, அதன் பிறகு அந்த வழிபாடு நின்ற நாள். அந்த நாள் தெளிவாகத் தெரிந்தால் பேய் யார், அதற்கு என்ன வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

அந்த மக்கள் ஏன் போனார்கள்

“பெரும் போர் வந்தது”, “சாபம் விழுந்தது” என்று எழுதினால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. காலடி நிலத்திலிருந்து காரணத்தை எடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு நல்ல காரணம் கிணற்றுக்குள்ளேயே கிடக்கிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடிநீர் படித்தவர்களின் கணக்கு. மறுபக்கமாகப் பார்த்தால், இறைத்து இறைத்து மேலே 1 அடி குறைத்துவிட்டால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான்.

இதை அப்படியே கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோகலாம். எடுத்துக்காட்டுக்கு ஒரு மக்களை ஊற்றுக்குடியார் என்று வைத்துக்கொள்வோம். கோயில் கேணியை நம்பித் தோட்டம் செய்தார்கள். தோட்டம் பெருகியது, இறைப்பும் பெருகியது, கேணி உவர்த்தது. விடியற்காலையில் முதல் குடம் நன்னீரை மூலக்கல்லில் ஊற்றுவது கோயில் காவற்காரியின் கடமை. ஊர் காலியான பிறகும் அவள் போகவில்லை. ஊற்ற நன்னீர் இல்லாமலே செத்துப்போனாள்.

இதைக் கொப்பியில் அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். ஐந்து விடை போதும்: என்ன தண்ணீர் குடித்தார்கள், எதைக் கும்பிட்டார்கள், அன்றாடக் கிரியையை யார் செய்தார், அது எப்படி நின்றது, எந்தச் செயல் பாதியில் கிடக்கிறது. அரைப் பக்கத்தைத் தாண்டினால் அரச வம்சாவளி எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை மேசையில் யாரும் கேட்கப்போவதில்லை.

மறைந்த மக்களுக்கு நிஜமான இனம், சாதி, சமயம் எதன் பெயரையும் அடையாளத்தையும் ஒட்டாதீர்கள். நம் நாட்டில் பழைய கல் ஒவ்வொன்றுக்கும் உரிமை கோரும் வாதம் இருக்கிறது. அது மேசைக்கு வந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். இன்றைக்கும் விளக்கேற்றும் வைரவர், அண்ணமார், முனியப்பர் கோயில்களைப் பேய் இடமாகக் காட்டவும் வேண்டாம். எதிரே இருப்பவரின் குலதெய்வமாக அது இருக்கலாம். கோயிலின் ஒழுங்கை மட்டும் எடுங்கள்: யார் மடை வைக்கிறார், எத்தனை இலை, மிச்சத்தை யார் சாப்பிடலாம், எந்த இடத்துக்கு அப்பால் யார் போகக்கூடாது. இந்த நாலும் தெரிந்தால் எந்த உலகத்திலும் கோயில் நிற்கும்.

கல் எப்படிச் சிதையும்

பாழடைந்ததை எழுதுவதில் பெரும்பாலோர் விடும் பிழை, எல்லாம் ஒரே மாதிரிச் சிதைந்ததாகக் காட்டுவது. முருகைக்கல்லும் (கடற்பவளக் கல்) சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர் கீழிருந்துதான் கெடும். நிலத்து ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டு கல்லுக்குள் ஏறும். ஈரம் காய்ந்ததும் உப்புப் பளிங்காகி, கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். அடிச்சுவர் பொருக்குப் பொருக்காக உதிர, தலை உயரத்தில் பூச்சு அப்படியே இருக்கும். ஆகவே முக்கியமான சித்திரத்தையோ எழுத்தையோ முழங்கால் உயரத்தில் வைத்தால் அது மிஞ்சியிருக்காது. மறைய வேண்டியதைக் கீழே வையுங்கள், மிஞ்ச வேண்டியதைக் கண்மட்டத்துக்கு மேலே வையுங்கள். காலில்லாமல் இடுப்புக்கு மேல் மட்டும் மிஞ்சிய ஊர்வலச் சித்திரம் ஒன்று இருந்தால் அதுவே தனியாகப் பயமுறுத்தும்.

கூரை முதலில் போகும். கூரை வளைகள் பனைமரம். பனையில் வைரம் பாய்ந்த கெட்டி மரம் வெளிப்பக்கத்தில்தான், நடுவெல்லாம் மெத்தென்ற சோறு. அதனால் வளைகள் நாளடைவில் உள்ளே கோதாகி, கறுத்த வெளிச்சிராம்பு மட்டும் நிற்கும். ஆலும் அரசும் சுவர் வெடிப்பில் வேர் விடும். வேர் சுவரைப் பிளக்கவும் செய்யும், பிளந்ததைத் தாங்கிப் பிடிக்கவும் செய்யும். அந்த வேரை ஆட்டக்காரர் வெட்டினால் சுவர் விழ வேண்டும். வெட்டுவதற்கு முன்னமே ஒரு கல் அசைவதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றிவிட்டதாகக் கோபிப்பார்கள்.

கடற்கரைக் கோயிலானால் மணலை மறக்காதீர்கள். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுப் பழைய அந்தோனியார் கோயிலின் இடிபாடு மணலுக்குள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு வாசலால்தான் உள்ளே போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது விளங்கும். யன்னலால் இறங்கும் ஆட்டக்காரர் நேரே சுவரின் மேற்பாதிக்கு முன்னால் வந்து நிற்பார், அதாவது மிஞ்சிய சித்திரத்துக்கு முன்னால். அளவைப் பற்றி இன்னொன்று: பழமை என்றால் பிரமாண்டம் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் ஒரே வளவுக்குள் சிறு தூபிகள் நெருங்கி நிற்கின்றன, பலவற்றில் அடித்தளம் மட்டுமே மிச்சம். ஒரே வடிவம் சின்னதாகத் திரும்பத் திரும்ப வரும்போது “இது ஏன் இத்தனை?” என்ற கேள்வி தானாக எழும். நூறு அடிச் சிலையால் அந்தக் கேள்வியை எழுப்ப முடியாது.

வரைபடம்

சதுரக்கோடு போட்ட கொப்பி, பென்சில், அழிறப்பர். ஒரு சதுரம் 5 அடி. மூன்று மணி நேர ஆட்டத்துக்கு ஐந்து இடம் போதும்: வாசல், முற்றம், கேணி, மண்டபம், மூலஸ்தானம். ஏழு எட்டு என்று கூட்டினால் கடைசி இரண்டும் அவசரத்தில் ஓடிப்போகும். ஆனால் கடைசியில்தான் மூலஸ்தானம் இருக்கிறது.

மண்டபம் 6க்கு 8 சதுரம். மூலஸ்தானம் 2க்கு 2, அதாவது 10 அடிக்கு 10 அடி. நாலு பேர் உள்ளே போனால் நிறைந்துவிடும், அசைய இடமில்லை. பேயோடு பேசுவதற்கு அந்த நெருக்கம் அருமையானது, சண்டைக்கு உதவாது. யாராவது சண்டை தொடங்குவார் என்று தெரிந்தால் பேய் கேணியடியில் வெளிப்படட்டும். கேணியை 4க்கு 4 எடுத்து, படியை ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். முற்றத்திலிருந்து கேணிக்கும் மண்டபத்துக்கும் தனித்தனி வழி, கேணியிலிருந்து மூலஸ்தானத்துக்கு ஒரு சதுர அகலத்தில் காவற்காரி குடம் கொண்டுபோகும் ஒழுங்கை. இந்த வளையம் இருந்தால் ஆட்டக்காரருக்கு எப்போதும் இரண்டு தெரிவு இருக்கும்.

ஒவ்வொரு இடத்துக்கும் வாசித்துக் காட்ட ஐந்தாறு சிறு வசனம் எழுதுங்கள். ஒன்றாவது ஓர் ஆளின் உடம்பு விட்டுப்போன அடையாளமாக இருக்கட்டும். கேணிக்கு இப்படி எழுதலாம்:

“பதினொரு படி தெரிகிறது. மேல் ஆறு படியில் காய்ந்த பாசி. ஏழாவது படியில் இடது ஓரம் மட்டும் குழிந்திருக்கிறது, ஒரு குதிக்கால் அளவுக்கு. தண்ணீர் பச்சையாக நிற்கிறது. உப்பு மணக்கிறது.”

குழி ஒன்றுதான், இடது ஓரத்தில்தான். பலர் இறங்கிய படி நடுவில் அகலமாகத் தேயும். ஒரே ஆள், ஒரே கால், பல வருடம் என்பதைக் கூர்மையான ஆட்டக்காரர் இதிலிருந்தே பிடிப்பார். பிடிக்காதவருக்கு வேறு தடயம் வேண்டும். ஒரு தடயம் கண்ணில் படுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தால், ஒரே ஒரு தடயத்தை நம்பிய கதை பாதி மேசைகளில் முட்டி நிற்கும். மூன்று தடயம் வைத்தால் மூன்றும் தவறுவது எட்டில் ஒரு தடவைதான். ஆகவே “காவற்காரிக்கு நன்னீர் வேண்டும்” என்பதற்கு மூன்று தடயம்: படியின் குழி, மூலக்கல்லில் தண்ணீர் விழுந்து விழுந்து அரித்த கிண்ணம், மண்டபச் சுவரில் குடத்தோடு ஒரு பெண்.

கல்வெட்டு

1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் கிடைத்த முத்திரையில் மேல்வரி குறியீடுகள், கீழ்வரி பிராமி எழுத்து. ஆட்டத்துக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. இரண்டு வரிக் கல்வெட்டு வையுங்கள். கீழ்வரி ஆட்டக்காரரின் உலகத்தில் வாசிக்கக்கூடிய மொழி, மேல்வரி படம் போன்ற நாலைந்து குறி. வாசித்த வரியைக் கொண்டு வாசிக்க முடியாத வரியை ஊகிக்கட்டும். குறிகளை ஒரு துண்டில் வரைந்து கையில் கொடுங்கள், வாயால் விவரித்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஐந்து குறிக்கு மேல் போனால் அது எழுத்துப் பரீட்சையாகிவிடும்.

பேயும் சோகிக் கணக்கும்

ஒரு பேய், ஒரு தேவை, ஒரு தடை. செத்தவருக்குச் செய்யவேண்டியது நாளும் பொருளும் குறித்த கடன் என்பது நமக்குப் புதிதல்ல. 31ஆம் நாள் அந்தியேட்டி முடியாமல் வீட்டில் எதுவும் வழமைக்குத் திரும்பாது. கற்பனைப் பேயும் அப்படித்தான் இருக்கவேண்டும்: செய்ய வேண்டியது எண்ணிச் சொல்லக்கூடியதாக, செய்தால் தீரக்கூடியதாக.

பேய் எப்போது வரும் என்பதைப் பகடையிடம் விடாதீர்கள். “ஒவ்வொரு இடத்திலும் ஒரு பகடை, 6 விழுந்தால் பேய்” என்று வைத்தால் ஆறு தடவை உருட்டியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு மேசையில் 6 விழாது. வேறு மேசையில் வாசலிலேயே விழுந்துவிடும். அதற்குப் பதில் எல்லோரும் பார்க்க நடுவில் 7 சோகி (சோழி) வையுங்கள். புளியங்கொட்டையும் சரி. வாசலுக்குப் பிறகு புதிய இடம் ஒவ்வொன்றுக்கும் 1 எடுங்கள். நின்று துருவித் தேடினால் 1, உடைத்தால் அல்லது தோண்டினால் 1. தங்கள் குடிநீரை எந்தக் கல்லிலாவது மரியாதையாக ஊற்றினால் 1 திரும்பி வரும். நாலு இடமும் மூன்று தேடலும் சேர்ந்தால் சரியாக 7.

5 சோகி மிஞ்சும்போது காய்ந்த கல்லில் ஈரக் காலடி, கேணிப் பக்கம் போகிறது. 3 மிஞ்சும்போது அவர்களின் சொந்தத் தண்ணீர்க் குடுவை உவர்க்கிறது. 1 மிஞ்சும்போது கயிறு ஓடி, குடம் தண்ணீரில் முட்டும் சத்தம். எதுவும் மிஞ்சாதபோது இடுப்பில் வெறுங்குடத்தோடு ஒழுங்கையில் அவள் நிற்கிறாள். மூன்று அறிகுறியும் தண்ணீரைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். இரத்தம் வழியும் சுவர், சிரிக்கும் குழந்தை என்று வெளியிலிருந்து எதையாவது செருகினால் பயம் கூடாது, விடை மட்டும் குழம்பும்.

சத்தத்துக்குக் காற்றைப் பயன்படுத்துங்கள். சோளகக் காற்றில் காய்ந்த பனையோலை மரத்தோடு உரசும் சத்தத்தை முற்றத்தில் இரண்டு தடவை சொல்லி வையுங்கள். மூன்றாம் தடவை மூலஸ்தானத்துக்குள், காற்றே இல்லாத இடத்தில், அதே சத்தத்தைச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

தீர்வு

நன்னீர் ஒரு குடம். அதை எங்கே எடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கவேண்டும்: கோயிலுக்கு வரும் வழியில், கீரிமலையில் போல, கடலோரக் கல்லிடுக்கில் ஊறும் ஊற்று. போய் வர அரை நாள். அல்லது எல்லோரும் தங்கள் குடிநீரில் சுத்தமாக மிஞ்சியதை ஒன்றாக ஊற்றலாம், அதற்கு விலை ஒரு நாள் தாகம். குடுவைகள் உவர்த்த பிறகு இந்த இரண்டாம் வழி அடைபட்டுவிடும். ஆகவே 3 சோகிக்கு இறங்குமுன் ஒரு தரம் நிறுத்தி, யாரிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே கடைசி எச்சரிக்கை.

கழிப்புக் கழித்து அவளை விரட்டவும் வழி விடுங்கள். சிலர் அதைத்தான் தேடுவார்கள். விரட்டினால் அவள் போவாள், கேணி ஒருநாளும் இனிக்காது. வாளால் வெட்டினால் அவளுக்குப் படாது, குடம்தான் உடையும். பிறகு கடன் தீர்க்க முதலில் ஒரு குடம் வனைந்து கொண்டுவர வேண்டும். ஓடிப்போனால் மூன்று நாளைக்கு அவர்கள் தொடும் தண்ணீரெல்லாம் உவர்க்கும்.

ஆட்டம் முடிந்ததும் வரைபடத்தின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதிவையுங்கள்: எந்த வேர் வெட்டுப்பட்டது, எந்தக் கல் பெயர்ந்தது, குடம் முழுதாக இருக்கிறதா, கேணி எந்த நிலையில் இருக்கிறது. நாலு மாதம் கழித்து அதே ஆட்கள் அந்தக் கோயிலுக்குத் திரும்பி வந்தால், முதலில் கேட்பது தாங்கள் உடைத்ததைப் பற்றித்தான்.