பாத்ரூம் வேலைக்கு மேஸ்திரியிடம் பேசும் முன்

பழைய பாத்ரூமை உடைத்துப் புதிதாகச் செய்ய ஆள் பேசும்போது, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த ரேட்டில் என்னென்ன அடக்கம் என்று கேளுங்கள். கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா? பழைய டைல்ஸை உடைப்பது, இடிபாட்டை மூட்டை கட்டிக் கீழே இறக்குவது, வண்டி வாடகை இதெல்லாம் யார் தலையில்? சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடிபாட்டில்தான்.

பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். உடைத்து, குழாய் வேலை முடிந்ததும் ஒரு பங்கு. வாட்டர்புரூஃபிங் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் பூச்சு) முடிந்து சோதித்த பின் ஒரு பங்கு. அந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூச்சு நன்றாகக் காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி 24 மணி நேரமாவது விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ். "அதெல்லாம் வேண்டாம் சார், நான் கேரண்டி" என்பவரிடம் கொஞ்சம் உஷார். கடைசி பத்து சதவீதத்தை, குளியலறையைச் சில நாள் புழங்கிப் பார்த்து, தண்ணீர் வடிகாலுக்கு ஓடும் வாட்டமும் (சரிவும்) சரி என்றால் கொடுக்கலாம்.

அப்புறம், கொத்தனார் வேலையிலிருந்து தனியாக கான்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கும் தம்பிகளுக்கு ஒன்று: வீட்டுக்காரர் நடுவில் "இந்த ஷெல்ஃபையும் சேர்த்துப் போட்டுடுங்க" என்பார். கையை வைக்கும் முன் அதற்கான தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.