32 ஜிபி லப்டொப், ரீசெட் ஆக மறுத்த கதை

அக்காவின் மகளுக்குக் கொடுக்கலாம் என்று அலுமாரியில் கிடந்த பழைய லப்டொப்பை எடுத்தேன். விண்டோஸ் 10. சேமிப்பு 32 ஜிபி, திரையில் காட்டுவதோ 29. ரீசெட் கொடுத்தால் இடம் போதாது என்று நின்றுவிடும்.

படங்கள், அப்புறம் பழைய அப்டேட் கோப்புகள் எல்லாம் அழித்தேன். 3 ஜிபி கிடைத்தது. அன்றிரவே ஓர் அப்டேட் வந்து அதையும் விழுங்கியது. எஸ்டி கார்ட் செருகினேன், ரீசெட் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. டிஸ்க்கை மாற்றலாமா என்று பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கேட்டேன். அங்கிருந்த தம்பி பின்மூடியைக் கழற்றிக் காட்டினார்: கழற்ற டிஸ்க்கே இல்லை, மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிய சிப். நான்கு நாள் போய்விட்டது.

சரி, ரீசெட்டே வேண்டாம் என்று வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயாரித்து, அதிலிருந்து லப்டொப்பை பூட் செய்தேன், அதாவது தொடக்கினேன். டச்பேட் அசையவில்லை, இருந்த ஒரே யூஎஸ்பி துளையில் பென்டிரைவ். டேப் விசையாலேயே நகர்ந்தேன்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். டிஸ்க் பல பகிர்வுகளாக (பார்ட்டிஷன்) பிரிந்திருக்கும். பெரிய பகிர்வை மட்டும் ஃபோர்மட் செய்தால், விண்டோஸை மீட்க வைத்திருக்கும் பழைய ரிகவரி பகிர்வு அப்படியே இருக்கும். என்னுடையதில் அது மட்டும் 6 ஜிபி. 29 ஜிபி டிஸ்க்கில் இருந்த எல்லாப் பகிர்வுகளையும் அழித்து, ஒரே வெற்றிடமாக்கி அதில் நிறுவினேன். எஸ்டி கார்டை முன்பே கழற்றிவிடுங்கள், பட்டியலில் அதுவும் வந்து குழப்பும். உரிம எண் இல்லை என்றே கொடுத்தேன். வைஃபை கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது.

இப்போது 13 ஜிபி காலி.